விலகியவர்களின் ஓட்டு

கடையிலிருந்து தூக்கிவிட்டால் சரக்கு செத்துப்போகும் என்று அரசாங்கம் நம்பியது, நீதிமன்றம் நம்பியது, ஆவரங்குடி அங்கன்வாடி டீச்சர் இந்திராணியும் நம்பினாள். முதல் இரண்டு பேருக்கும் நம்பியதால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. இந்திராணிக்குத்தான், வீட்டுக்குள்ளே ஒரு மனுஷன் ஒன்றரை வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வெயில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த மனுஷன் அவள் புருஷன் சன்னாசி. குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரன். மொபெட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் அவன் போகாத தெரு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்குத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் குக்கருக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்கிக்கொண்டு நின்றது. கழற்றிய பழைய ரப்பர் வளையத்தை மாலை மாதிரி அதன் கழுத்தில் போட்டான். குழந்தை சிரித்தது, அவனும் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் அதைப் போனில் பிடித்தார், பதினோரு விநாடி. 'பிள்ளை பிடிக்கிறவன் நம்ம தெருவுக்குள்ளயே வந்துட்டான், ரப்பர்ல மயக்க மருந்து தடவி மாட்டுறான், பாத்துக்கங்க' என்று தன் குரலையும் சேர்த்து ஊருக்குப் போட்டார். ஆவரங்குடி ஒன்றும் சின்ன ஊர் இல்லை. ஒலிபெருக்கிக் குரல் எல்லாருக்கும் தெரியும், தெற்குத் தெருவில் பெண் கட்டி வந்தவனின் முகம் வடக்குத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரைமணி நேரத்தில் முக்குரோட்டில் மொபெட்டை மறித்துவிட்டார்கள். உயிர் தப்பியது தெய்வச் செயல். இடது கண் தப்பவில்லை.

அந்தப் படம் போன செயலிக்கு அக்கம்பக்கம் என்று பெயர். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யாருக்கு ரத்தம் வேண்டும், யார் ஆடு காணாமல் போனது என்று ஊர் பேசிக்கொள்வதற்காக வந்தது. நல்லதுக்குத்தான் எல்லாரும் வைத்திருந்தார்கள். இந்திராணியும் வைத்திருந்தாள், தடுப்பூசி நாளை அதில்தான் சொல்லுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனைக் கூட்டிவந்த மறுநாளே அவள் மனு எழுத ஆரம்பித்தாள். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பத்திரிகை என்று பத்து மாதம் அலைந்தாள். இவளைப் போலவே வேறு ஊர்களில் அடிபட்டவர்களும் அலைந்தார்கள். கடைசியில் நீதிமன்றம் செயலியை எடுக்கச் சொல்லிற்று. போனில் செயலிகளை இறக்கித் தருகிற கடைகள் எல்லாம் அக்கம்பக்கத்தை எடுத்துவிட்டன. நடத்திய கம்பெனியும் கதவைச் சாத்திவிட்டது. அன்றைக்கு இந்திராணி அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. கடையில் இல்லாமல் போனாலும் போனில் ஏறியது போனில்தானே இருக்கும்? தெருத் தெருவாகப் போய்ப் பேசினாள். தன் கையில் சோறு தின்று வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேரையும் குடும்பத்தோடு காளியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னாள். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது பேர் வந்தார்கள். ஒவ்வொருவராகச் செயலியை அழித்துவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் இது என் போனில் ஏறாது என்று சத்தியம் பண்ணினார்கள். சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நீதிமன்றத் தீர்ப்பைவிட அதைத்தான் இந்திராணி பெரிதாக நினைத்தாள்.

எட்டு மாதம் கழித்து, மதுரையில் கண் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த பெண் தன் புதுப் போனில் ஓடிய அக்கம்பக்கம் படத்தையும் சன்னாசியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். சன்னாசி டாக்டரைப் பார்க்காமலேயே எழுந்து வந்துவிட்டான்.  வீட்டுக்கு வந்ததும், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாப் போச்சு உன் கதை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான்.

மறுநாள் இந்திராணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் நத்தர்ஷாவிடம் போய் நின்றாள். நத்தர்ஷாவின் இரண்டு பெண்பிள்ளைகளும் அவளிடம் படித்தவர்கள். கடையிலிருந்து எடுத்த பிறகும் எப்படி இது புதுப் போனில் ஏறுகிறது என்று கேட்டாள். அவன் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டான்.

அக்கம்பக்கத்துக்குத் தலைமையிடம் என்று ஒன்று கிடையாது என்றான். எல்லாம் ஆட்களின் போனிலேயே துண்டு துண்டாக இருக்கிறது. சிக்னல்கூட வேண்டாம், பக்கத்துப் பக்கத்துப் போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வைத்திருக்கிறவர் நினைத்தால் இன்னொருவர் போனுக்குக் கொடுக்கலாம், அகலிலிருந்து அகல் ஏற்றுகிற மாதிரி. கடை இருந்த காலத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப கம்பெனி மூடினதுல ஒண்ணுமே ஆகலையா?"

"ஆச்சுக்கா. முன்னாடி பொய்ச் செய்திக்குக் கீழ 'இது உண்மையில்லை'ன்னு கம்பெனி ஒரு வரி போடும். இப்ப அதைப் போட ஆள் இல்லை."

அந்தப் படத்தை அழிக்கவே முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றான் நத்தர்ஷா. எந்த அதிகாரியும் எதையும் அழிக்கக் கூடாது, ஊர் சொன்னால்தான் அழியவேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் போட்டார்களோ அந்த ஊர்ப் பேரேட்டில் பேர் பதிந்திருப்பவர்களில் பாதியைவிட ஒருவர் கூடுதலாக, அழி என்று ஓட்டுப் போடவேண்டும். அந்த எண்ணிக்கை சேர்ந்த பிறகு ஏழு நாள் அவர்கள் செயலியை வைத்திருக்கவேண்டும், செயலியை அழித்தவர் ஓட்டு செல்லாது. ஏழாம் நாள் எல்லா ஊர்ப் போனிலும் அது அழிந்துவிடும். ஆவரங்குடிப் பேரேட்டில் இரண்டாயிரத்து நானூறு பேர். ஆயிரத்து இருநூற்றொன்று வேண்டும்.

"ஆயிரத்து ஐந்நூறு பேர் விலகியாச்சே. மிச்சம் எண்ணூறுதானே இருக்கும்?"

நத்தர்ஷா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "செயலிய அழிச்சா பேரேட்டுல பேரு போகாதுக்கா. ஆளுங்களை விரட்டிட்டு மிச்சம் இருக்கிறவன் முடிவு பண்ணிரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. விலகணும்னா உள்ளே போய் விலகுறேன்னு சொல்லிட்டுத்தான் அழிக்கணும். நம்ம ஆளுங்க யாரும் அதைச் செய்யலை. விரலை அழுத்திப் பிடிச்சுக் குப்பையில தூக்கிப் போட்டாங்க."

அப்படிச் செய்யச் சொன்னது யார்? இந்திராணிதான். கோயில் மைக்கில் நின்று, விரலை அழுத்திப் பிடிங்க, குப்பையில போடுங்க என்று பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தவள் அவள். அவள் பேச்சைக் கேட்ட நல்லவர்கள் அத்தனை பேரும், படம் இருக்கட்டும் என்று சொல்லுகிறவர்களின் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

சரி, அவர்களைத் திரும்பக் கூப்பிடலாம், ஏழே நாள்தானே என்று கிளம்பினாள். முதல் வீட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது. உனக்காக என்ன வேணும்னாலும் செய்யுறோம் டீச்சர், சூடத்தை அணைச்ச கையால அதை மட்டும் தொட மாட்டோம் என்றார்கள். பத்து வீட்டிலும் அதே பேச்சு. ஒருத்தி அழுதேவிட்டாள், அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. இந்திராணிக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. சத்தியத்தின் பாரத்தை எடுத்துச் சொன்னவளே அவள்தானே?

பூசாரி சோணமுத்துதான் வழி சொன்னார். அம்மனிடம் சொன்ன சொல்லை அம்மனிடமே திருப்பிக் கேட்போம், பூப்போட்டுப் பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமை ஊர்கூடி, சிவப்பரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம் கட்டிப் பாதத்தில் போட்டார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கண்ணை மூடிக்கொண்டு சோணமுத்து எடுத்த பொட்டலத்தில் நந்தியாவட்டை இருந்தது. இந்திராணி அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். வருகிற வியாழக்கிழமை காலை எல்லாரும் கோயிலுக்குப் போனோடு வருவதென்று பேச்சாயிற்று.

இனி ஒரே ஒரு குறை. முதல் அகல் வேண்டும். அவளுக்குக் கொடுப்பதற்கு, செயலியை இன்னும் வைத்திருக்கிற ஒருவர் வேண்டும். கோயிலுக்கு வராத எண்ணூறு பேரில் யாரும் வைத்திருப்பதாக அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை; நிச்சயமாக வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஆள்தான். வடக்குத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முத்தழகு. அந்தப் பதினோரு விநாடியில் பேசுகிற குரல் அவருடையது.

போலீஸ் ஸ்டேஷனில் அவரை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே அவள் போனதில்லை. புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் போய் நின்றபோது அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வந்த காரியத்தை அவள் இரண்டு வார்த்தையில் சொன்னாள். அவர் போனை எடுத்து அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஏறி முடிந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றார் பிறகு. "தப்புன்னு எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. போட்டவன் நெனச்சாலும் அதுல எடுக்க முடியாது. வீடு வீடாப் போய், அழின்னு ஓட்டுப் போடுங்க, டீச்சர்கிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு கால்ல விழுந்தேன். பத்து மாசத்துல ஆயிரத்துத் தொண்ணூறு பேர் போட்டாங்க. இன்னும் நூத்திச் சொச்சம்தான். அப்பத்தான் நீ எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன. செயலிய அழிச்சதும் போட்ட ஓட்டெல்லாம் செல்லாமப் போச்சு."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

இந்திராணிக்கு அந்த ஆளை அங்கேயே அடித்துக் கொல்லவேண்டும்போலவும் இருந்தது, உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு, ஏழு நாளா என்று கேட்டான். ஏழே நாள் என்றாள். வியாழக்கிழமை காலையில் அவள் எழுந்து பார்த்தபோது அவன் முகம் மழித்துக் குளித்து, பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வியாழன் முதல் தடவையாக எங்கே போகலாம் என்று அவனாகவே பேசினான். ஒன்றரை வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

கோயிலுக்கு அவள் போகும்போது ஆயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டிருந்தார்கள், இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். பந்தல் போட்டிருந்தது. நத்தர்ஷா வரிசை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். முதலில் இந்திராணி பத்துப் பேருக்குக் கொடுப்பது, அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்கு, அரைமணியில் முடிந்துவிடும். சோணமுத்து தீபாராதனை காட்டினார். இந்திராணி செயலியைத் திறந்தாள்.

மேலேயே ஒரு படம் வந்து நின்றது. இருபது நிமிஷத்துக்கு முன்னால் கொன்னக்குளத்தில் போட்டது, பத்துக் கிலோமீட்டர்தான். வியாழக்கிழமை அங்கே சந்தை. ஒரு பெண், வடக்கத்திக்காரி, தரையில் போர்வைகளை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தூங்குகிற கைக்குழந்தை. 'இவள் கறுப்பு, பிள்ளை சிவப்பு. யார் வீட்டுப் பிள்ளை? சந்தையில் இருக்கிறவர்கள் விடாதீர்கள்' என்று கீழே எழுதியிருந்தது. அறுபது பேர் பார்த்திருந்தார்கள். அவள் பார்க்கப் பார்க்க அது அறுபத்தெட்டு ஆயிற்று.

இந்திராணி நத்தர்ஷாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் கொடுத்தால் இதுவும் அவர்களுக்குப் போகுமா என்று கேட்டாள்.

"செயலி மட்டும் தனியாப் போகாதுக்கா. இருக்கிறதெல்லாம் சேர்ந்துதான் போகும்."

"நம்ம ஊரு ஓட்டுப் போட்டு இதை அழிக்க முடியாதா?"

"கொன்னக்குளம் பேரேடு வேறக்கா."

போலீசுக்குப் போன் பண்ணினாள். பார்க்கிறோம் என்றார்கள். சோணமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்ப அடுத்த வாரம் வச்சுக்குவோமா என்றார். இந்திராணி விரலால் கீழே தள்ளிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இதே மாதிரி ஒரு கிழவன் படம், அதற்கு முன்னால் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிற ஒருவர். எந்த வாரம் நல்ல வாரம்? எதிரே ஆயிரம் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள். முக்குரோட்டில் மொபெட்டை மறித்தவர்களும் அவரவர் தெருவில் நல்லவர்கள்தானே? இந்த ஆயிரம் போனும் எட்டு மாதமாக ஊமையாக இருந்ததால், இந்த ஊர்ச் சந்துகளில் எத்தனை பேர் தெரியாமலே பிழைத்துப் போனார்களோ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு நாள். தன் புருஷனை மறிக்க அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது.

மைக்கை வாங்கினாள். வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்றாள். கூட்டம் சலசலத்தது. சோணமுத்துவுக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது.

"அம்மனே உத்தரவு குடுத்துருச்சேம்மா."

"அம்மன் குடுத்தாச்சு, பூசாரி ஐயா. நாந்தான் வாங்கிக்கலை."

அவள் வீட்டுக்கு நடந்தாள். சன்னாசி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முடிஞ்சதா என்று கேட்டான். முடியலை, நான் நிறுத்திட்டேன் என்றாள். ஏன் என்று சொன்னாள். அவன் முகம் கறுத்துப்போயிற்று.

"ஊருக்கு நீ நல்லவ" என்றான். "அன்னிக்கும் நல்லவ, இன்னிக்கும் நல்லவ. எனக்கு யாருடி நீ?"

இந்திராணி போனை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். ஒன்றரை வருஷத்து அழுகை. சன்னாசி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், இருக்கிற ஒரு கண்ணால் அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் ரொம்ப நேரம் பார்த்தான். இப்போது பார்த்தவர்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது.

"இவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"என்ன தெரியுமா?"

"இப்படிப் போட்டிருக்காங்கன்னு. எனக்குத் தெரியாது. மறிச்சப்ப, வாஷர் மாத்தத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு வண்டிய ஓரமா நிறுத்தினேன்."

இதை அவன் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவன் எழுந்து செருப்பைப் போட்டான். மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒன்றரை வருஷம் நின்ற வண்டி. பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது சன்னாசியின் முகத்தைத் தேவைக்கு மேல் ஒரு தடவை பார்த்தார். சன்னாசி துண்டால் மூடிக்கொள்ளவில்லை. இந்திராணியின் கைதான் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

சந்தையில் அந்தப் பெண்ணைத் தேடவேண்டியிருக்கவில்லை. பழக்கடை வரிசைக்குப் பின்னால் முப்பது நாற்பது ஆண்கள் போனும் கையுமாக வளைத்து நின்றார்கள். நடுவில் அவள், வியாபாரம் கூடிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு போர்வையாக உதறிக் காட்டிக்கொண்டிருந்தாள். சன்னாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். தெருத்தெருவாகக் கூவிப் பழகிய தொண்டையில், போர்வை என்ன விலைம்மா என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கேட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கையிலிருந்த போனைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

"யோவ், நீ அந்த ரப்பர் மாட்டுற ஆளுதானே?"

"ஆமா" என்றான் சன்னாசி. "நாந்தான். குக்கர் ரிப்பேர் பண்றவன். கண்ணு எப்படிப் போச்சுன்னு கேளு, சொல்றேன்."

ஒருவரும் கேட்கவில்லை. அவன் போர்வைகளுக்கு இந்தப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இந்திராணி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையை இந்திராணியின் மடியில் கொடுத்துவிட்டு, விலை சொல்ல விரல்களை எண்ணிக் காட்டினாள். கூட்டம் கலையவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. சாயங்காலம் கடைசி பஸ் வரும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.